மூன்றாவது வால்வு

கட்டுகஸ்தோட்டை
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பிறகு

அன்பு மகள் நுஹாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் உம்மா நடந்து திரிந்து, மூன்று வேளையும் சாப்பிட்டு, சீனிக் குளிசையையும் மறக்காமல் போட்டுக்கொண்டு இருக்கிறேன். நீயும் மருமகன் ஹபீலும் என் கண்மணி பேத்தி ஷஹ்மாவும் அந்தக் குளிரில் இருமல் தடிமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். ஃபோன் இருக்கும்போது உம்மாவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். ஃபோனில் நான் ஒரு சொல் சொல்வதற்குள் நீ மூன்று சொல்வாய், நாலாவதில் அழுவாய், பிறகு நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே கிடக்கும். வொய்ஸ் மெசேஜ் போட்டாலோ அது உன் சாச்சியின் காதுக்குப் போய் அங்கிருந்து அக்குறணை முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் உன்னிடம் வரும். வாப்பாவின் கூட்டாளி மகன் பவாஸ் செவ்வாய்க்கிழமை மெல்பர்ன் போகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையைத் தையல் மெஷினில் வைத்து ஒரு ஓட்டு ஓட்டியிருக்கிறேன், கத்தரிக்கோலால் பிரி, பல்லால் இழுக்காதே.

வாப்பா மௌத்தான நாளிலிருந்து வெள்ளை உடுத்து, வாசல் தாண்டாமல், வெளி ஆண்கள் முன்னால் வராமல் இத்தா இருந்து வருகிறேன், இன்னும் ஒன்பது நாளில் நாலு மாதமும் பத்து நாளும் நிறைகிறது. அது முடிந்த அடுத்த கிழமையே ஏறி வர நீ டிக்கட் எடுத்து வைத்திருக்கிறாய். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சாச்சாவிடம் கொடுத்துவிடுங்க உம்மா, தனியாக உங்களால் இருக்க ஏலாது என்கிறாய். திரும்பி வருகிற டிக்கட் அதில் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? நீ கேட்கும்போதெல்லாம் இன்ஷா அல்லாஹ் பார்ப்போம் என்று மழுப்பினேன். இன்றைக்குப் பதில் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தண்ணீர்க் கதை இருக்கிறது, அதைப் படித்தால்தான் பதில் விளங்கும், கடைசிப் பக்கத்தை இப்போதே புரட்டாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு களவை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் நீ குசினியில் என்ன சத்தம் உம்மா என்று கேட்பாய், நான் மழை என்பேன். மழையுமில்லை ஒன்றுமில்லை. சிங்க்குக்குக் கீழே சுவரிலிருந்து வருகிற சின்ன வால்வில் தண்ணீர் ஒழுகி வாளியில் விழுகிற சத்தம் அது. வாப்பா இருக்கும்போது அந்த இடத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி வைத்திருந்தார், உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு எல்லா வருத்தத்துக்கும் மருந்து சைக்கிள் டியூப்தான். அந்த டியூப் வெடித்துவிட்டது. நான் அதன் மேல் துணி சுற்றினேன், துணிக்கு மேல் பொலிதீன் சுற்றினேன், அது பாட்டுக்கு ஒழுகியது. பத்தொன்பது நாள் மகள்! காலையில் ஒரு வாளி, லுஹருக்கு ஒரு வாளி, மஃரிபுக்கு ஒரு வாளி தூக்கிக் கொல்லையில் ஊற்றினேன். இத்தாவில் இருக்கிறேன், பைப் வேலை செய்கிற பாஸை எப்படி உள்ளே கூப்பிடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் அது உண்மை. மீதிப் பாதி உனக்குப் பயந்துதான். ஒரு சொட்டு ஒழுகுகிறது என்று நான் சொன்னால் போதும், பார்த்தீங்களா உம்மா, நான் சொன்னேனே என்று நீ தொடங்குவாய், சாச்சா பூட்டோடு வந்து நிற்பார். அதற்குப் பயந்துதான் வாளியை மறைத்தேன், இத்தாவின் மேல் பழியைப் போட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பக்கத்து வீட்டு ஆஸிகா கறிவேப்பிலை பறிக்க வந்தவள் குசினிச் சுவரின் வெளிப்பக்கம் இடுப்புயரத்துக்கு ஊறிக் கிடப்பதைக் கண்டுவிட்டாள். என்ன மாமி இது, சொவரு விழுந்தா ஒங்க மேலதானே விழும், இப்புடி மறைச்சி வச்சீக்கிறீங்களே என்று நல்ல ஏச்சு ஏசினாள். அன்றைக்கே போய் பைப் பாஸ் கஜேந்திரனைக் கூட்டி வந்தாள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துப் பிள்ளை, இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறான், நம் கிணற்று மோட்டர் வைத்தது அவன்தான், வாப்பாவுக்கு அவன் மேல் நல்ல பிரியம். நான் உள்ளே வரவிடமாட்டேன் என்றேன். அவன் கொஞ்சமும் கோபிக்கவில்லை. பரவாயில்லங்கம்மா, நான் ஜன்னலுக்கு வெளிய குந்திக்கிறேன், திரையப் போட்டுக்கோங்க, நான் சொல்லச் சொல்ல நீங்க செய்யுங்க, ஐயா வீட்டு வேலை நிக்கக் கூடாது என்றான். கவிழ்த்த வாளியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான், தன் ஸ்பேனரை ஆஸிகாவிடம் கொடுத்து உள்ளே அனுப்பினான். இப்படித்தான் உன் உம்மா அறுபத்திரண்டு வயதில் பைப் வேலை படித்தேன்.

நீயும் கேள், உன் வீட்டில் பாத்ரூம் பைப் சொட்டுகிறது, துவாயை விரித்துக் கதவைச் சாத்திவிட்டு ஆள் வரும்வரை காத்திருக்கிறேன் என்றாயே, உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கஜேந்திரன் கேட்ட முதல் கேள்வி, அம்மா தண்ணி எங்க மூடுறதுன்னு தெரியுமா என்பது. எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருஷம் இந்த வீட்டில் சமைத்திருக்கிறேன், எந்த இடத்தில் திருகினால் தண்ணீர் நிற்கும் என்று ஒரு நாள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை, அவர் இருக்கும்போது எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். ஸ்பேனரைத் தொட முன் தண்ணீரை மூடு, அதுதான் முதல் பாடம். படியேறி மேலே கொங்கிரீட் ஸ்லெப்புக்குப் போனேன். குரங்கு திறக்காமல் இருக்க வாப்பா தண்ணீர்த் தாங்கியின் மூடி மேல் வைத்த அம்மிக்கல் அப்படியே இருந்தது. தாங்கிக்குக் கீழே மூன்று வால்வுகள். எது எதற்கு என்று மேலிருந்து கேட்டேன், தெரியலங்கம்மா, ஐயா பூட்டினது, மூணையும் மூடிருங்க என்று கீழிருந்து சத்தம் போட்டான். மூடினேன், மூன்றாவது பித்தளை, பாசி பிடித்து இறுகிப் போயிருந்தது, சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துத்தான் திருகினேன். பிறகு கீழே வந்து சிங்க் பைப்பைத் திறந்துவிட்டு, குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் ஓடி முடியும்வரை இருந்தேன். அதையும் மறக்காதே, மேலே மூடினாலும் குழாயின் வயிற்றுக்குள் தண்ணீர் இருக்கும். பேசின் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்கு, கழற்றுகிற சின்னச் சாமான் அதற்குள் விழுந்தால் ஒரு நாள் போய்விடும்.

சிங்க்குக்குக் கீழே சாக்கு விரித்து மல்லாக்கப் படுத்தேன். வலது பக்கம் திருகினா இறுகும், எடது பக்கம் திருகினா கழரும் என்றான். படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும்போது எது வலம் எது இடம் என்று ஒரே குழப்பம், வால்வைக் கழற்றுகிறேன் என்று நான் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதை மாற்றித் திருகியதும் குழாயின் அடியில் தங்கியிருந்த தண்ணீர் முழுக்க என் முகத்தில் பாய்ந்தது, வெள்ளைச் சேலை, தலை, எல்லாம் தொப்பல். ஆஸிகா அலற, கஜேந்திரன் வெளியே எழும்பி நின்று என்னங்கம்மா ஆச்சு, உள்ள வரவா என்று பதற, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மகள். வாப்பா போன பிறகு முதல் தடவை அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்துவிட்டேனே என்று பிறகு அழுதேன்.

வால்வின் திருகுப் புரியில் பழைய டேப் நார் நாராக இருந்தது, பழைய பல் பிரஷால் தேய்த்தெடுத்தேன். புது வெள்ளை டேப்பைப் பத்துச் சுற்றுச் சுற்றச் சொன்னான். நூல் சுற்றுவதற்கு எனக்கு யார் சொல்லித்தர வேண்டும், உன் பள்ளிக்கூடத்துக்கே எத்தனை யூனிஃபோர்ம் தைத்தவள் என்று பெருமையாகச் சுற்றிப் பூட்டினால், டேப் முழுக்கச் சுருண்டு வெளியே வந்துவிட்டது. மெஷின் பொபினுக்கு நூல் சுற்றுகிற பழக்கத்தில் மறுபக்கம் சுற்றியிருக்கிறேன். வால்வு எந்தப் பக்கம் திருகி உள்ளே போகிறதோ அதற்கு ஏற்றாற்போலச் சுற்ற வேண்டும், புரி நம் முகத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டால் மணிக்கூட்டு முள் போகிற பக்கம். இரண்டாம் தடவை சரியாக வந்தது. முதலில் கையால் இறுக்கு, பிறகு ஸ்பேனரால் கொஞ்சம், பலத்தைக் காட்டாதே, காட்டினால் உடையும். பைப்புக்குப் போகிற ஹோஸின் முனையில் ஒரு ரப்பர் வாஷர், அது பிய்ந்து போயிருந்தது, அதையும் மாற்றினேன். உன் பாத்ரூம் பைப் சொட்டுவதும் அநேகமாக அந்த மாதிரி ஒரு வாஷர் தேய்ந்துதான், ஹபீலோடு சேர்ந்து கழற்றிப் பார், பழையதைக் கையில் கொண்டு போய் அதே அளவில் வாங்கு. பிறகு மேலே வால்வை மெள்ள மெள்ளத் திறந்தேன், கீழே பழைய பேப்பரை விரித்து வைத்தேன். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பரில் தெரியும். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம், பேப்பர் காய்ந்தபடியே கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே கஜேந்திரன் கைதட்டினான். அன்று பின்னேரம் ஆஸிகா மார்க்கம் படித்த ஆலிமாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டால், அவசியமான வேலைக்கு ஆள் வருவதில் குற்றமில்லையே, பெண் துணைக்கு ஒருவர் இருந்தால் போதுமே என்றிருக்கிறார். கேட்டிருந்தால் வாளியும் இல்லை, இந்தக் குளிப்பும் இல்லை. கேட்காமல் இருந்ததும் நல்லதற்கே என்று இப்போது நினைக்கிறேன்.

இனித்தான் கதை. முதல் வால்வைத் திறந்ததும் குசினிக்குத் தண்ணீர் வந்தது, இரண்டாவதைத் திறந்ததும் பாத்ரூமுக்கு வந்தது. பித்தளை வால்வைத் திறக்காமலே வீட்டில் எல்லா இடமும் தண்ணீர் இருந்தது. எதுக்கோ பழைய லைனா இருக்கும், இருக்கட்டும்ங்கம்மா என்றான் கஜேந்திரன். எனக்கு ஒரு யோசனை ஓடியது. மோட்டர் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நான் வாப்பாவோடு எத்தனை வருஷம் சண்டை பிடித்தேன், அவர் எங்கேயோ லீக் இருக்கு என்றுதானே சொல்வார், அந்த லீக் இந்த லைன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மூடியபடியே விட்டேன். அடுத்த நாளிலிருந்து மோட்டர் பாதி நேரம்தான் ஓடியது. அவரால் பிடிக்க முடியாத லீக்கை நான் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை, உனக்கு எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகையும் பார்த்துவிட்டேன். தனியாக இருக்க ஏலாது என்றாயே, பார் என்று சொல்ல.

ஐந்தாம் நாள் காலையில் கேட்டடியில் ஒரு பெண் நின்றாள். கீழே பஸ் ஹோல்ட்டில் கீரை விற்கிற வீரம்மா. கையில் வெறும் கேன். உள்ளே கூப்பிட்டேன், வரமாட்டேன் என்று படியிலேயே நின்றாள். பெரிய தயக்கத்தோடு சொன்னாள், அம்மா, ஐயா போன பிறகு நீங்க பைப்ப நிப்பாட்டிட்டீங்க, அது உங்க இஷ்டம், கேக்கக் கூடாதுன்னுதான் அஞ்சு நாளும் இருந்தோம், இன்னைக்கு ஒரு கேன் மட்டும் தாங்க, கீரை வாடுது என்றாள். எந்தப் பைப் என்றேன். ரோட்டுப் பைப்புங்கம்மா என்றாள்.

நுஹா, நம் மதிலுக்குக் கீழே ரோட்டோரம் இருக்கிறதே, அந்தப் பைப். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய் வைத்துக் குடிக்கிற, த்ரீவீல்காரர்கள் முகம் கழுவுகிற, ஜும்ஆவுக்குப் பிந்தியவர்கள் அவசரத்தில் கை கால் கழுவி வுளூச் செய்கிற அதே பைப். அது பிரதேச சபைப் பைப் என்றுதான் பன்னிரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். சேறாகிறது, சத்தம் போடுகிறார்கள், சபைக்குச் சொல்லி அதை மூடச் சொல்லுங்கள் என்று நான் வாப்பாவை எத்தனை தடவை அரித்திருப்பேன். சொல்றேன், சொல்றேன் என்பார். யாரிடம் சொல்வார் மனுஷன்? தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் போல. இருபத்தெட்டு வருஷம் கண்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக நின்றவர், வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனத்துக்கு எப்படித் தாகம் எடுக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நான் தங்கச்சி வீட்டில் பத்து நாள் நின்ற சமயம் பார்த்து, வேறு எங்கேயோ ஒரு பாஸைப் பிடித்து, அந்தப் பித்தளை வால்விலிருந்து ரோட்டுவரை தோட்டத்து மண்ணுக்குள் குழாய் தாழ்த்தியிருக்கிறார். வீரம்மாவிடம் ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஐயாதாங்கம்மா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, ஏசுவாங்கன்னாரு என்றாள்.

எனக்கு அவள் முன்னாலேயே அழுகை வந்துவிட்டது. செய்கிற தர்மத்தை மறைத்துச் செய்ய வேண்டும் என்று அவர் மறைத்தாரா, என் வாய்க்குப் பயந்து மறைத்தாரா, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவர் மௌத்தான பிறகு நீயும் நானும் குர்ஆன் ஓதி, கத்தம் கொடுத்து, அவருக்கு நன்மை சேரட்டும் என்று கையேந்துகிறோம். அவர் தானாகவே ஒன்றை ஓட விட்டுப் போயிருக்கிறார். அதை நான் ஐந்து நாள் என் கையால் மூடி வைத்து, லீக்கைப் பிடித்தேன் என்று பெருமையடித்திருக்கிறேன். படியில் எப்படி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. வால்வு அசையவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு, துணியைச் சுற்றி, பிஸ்மி சொல்லி இரண்டு கையாலும் திருகினேன். கொஞ்ச நேரத்தில் கீழே ரோட்டிலிருந்து வீரம்மா, வந்திருச்சிங்கம்மா என்று கத்தினாள்.

இப்போது என் பதில். உன் மனது எனக்கு விளங்காமல் இல்லை. வாப்பாவின் முகத்தைப் பார்க்க உனக்குக் கிடைக்கவில்லை, நீ வந்து இறங்கும்போது அடக்கி நாலு நாள். உம்மாவையும் அப்படித் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில்தான் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாய். அதை நினைத்தால் இப்போதே பறந்து வந்து உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. ஆனால் வீட்டைப் பூட்டினால் மோட்டர் நிற்கும், மோட்டர் நின்றால் இரண்டு நாளில் தாங்கி வெறுமையாகும், அந்தப் பைப்பும் நிற்கும். பூட்ட என்னால் ஏலாது மகள். அதனால் அந்த டிக்கட்டைப் போகவும் வரவும் என்று மாற்று. இரண்டு மாதம் உன்னோடு இருக்கிறேன், ஷஹ்மாவுக்குத் தலை பின்னி விடுகிறேன், உன் சொட்டுகிற பைப்பையும் பார்க்கிறேன். அந்த இரண்டு மாதமும் ஆஸிகா காலையும் மாலையும் மோட்டர் போடுவாள், எந்த வால்வு எதற்கு என்று அவளுக்குக் காட்டிவிட்டேன். பிறகு நான் என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். கோபப்படு, அழு, ஆனால் மாற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதே, உறைந்து அடைக்கும். வால்வுகளைச் சும்மா இருக்கும்போதும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூடித் திறந்துவை, இல்லாவிட்டால் நம் பித்தளை போல இறுகிவிடும். முக்கியமாக, உன் வீட்டில் தண்ணீர் எங்கே மூடுவது என்று இன்றைக்கே தேடு. நீ கண்டால் ஹபீலுக்குக் காட்டு, அவர் கண்டால் உனக்குக் காட்டட்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. உறைக்குள் ஒரு டேப்பும் நாலு வாஷரும் வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் உன் ஈமானையும் ஆயுளையும் பிள்ளையையும் காப்பானாக, உன் கையால் நாலு பேருக்கு நன்மை நடக்கச் செய்வானாக, நம் எல்லோரையும் வாப்பாவோடு சுவர்க்கத்தில் சேர்ப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் உம்மா,
ரபீகா

எழுத மறந்தது: வால்வுகளுக்குப் பெயர் கட்டி வைக்கச் சொன்னான் கஜேந்திரன். மூன்று துணித்துண்டு வெட்டி, ஒன்றில் குசினி, ஒன்றில் பாத்ரூம் என்று நூலால் தைத்துக் கட்டிவிட்டேன். மூன்றாவதையும் கட்டியிருக்கிறேன், அதில் ஒன்றும் தைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் என்னிடமே மறைத்தவர், நான் போய் அதில் எழுதி வைப்பேனா. நீயும் இதைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிடாதே. ரோட்டுப் பைப்பின் வாஷர் தேய்ந்து சொட்டுகிறதாம், வீரம்மா சொன்னாள். அதற்கு ஒரு வாஷரை எடுத்துத் தையல் மெஷினின் இழுப்பு லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். இத்தா முடிந்து வாசல் தாண்டியதும் நான் முதலில் போகிற இடம் அதுதான்.